மொட்டைக்கு முன் எடுத்த முகம்

அந்த அறையில் இருந்தவர்கள் இவர்கள். நான். என் தம்பி கோவிந்தன், சிட்னியில் பஸ் ஓட்டுகிறவன். ஷீலா, கதிர் மெஷினில் வேலை செய்கிற பெண், எங்கள் பிஜியில் நடபுவாவில் பிறந்தவள். அளவெடுக்கிற வெள்ளைக்காரர் ஒருவர். கடைசியில் வந்து சேர்ந்த பெரிய டாக்டர்.

என் புருஷன் பெருமாள் இல்லை. அவர் பிஜியில், எங்கள் ஊர் சவேனியில், கரும்புக்குக் காவல் இருந்தார்.

நான் மேசையில் மல்லாந்து படுத்திருந்தேன். எனக்கென்று செய்த முகமூடியை ஷீலா என் முகத்தில் வைத்து அழுத்தினாள். செய்த அன்று அது என்னை இறுக்கிப் பிடித்தது. மூக்கைச் சுளிக்கக்கூட முடியவில்லை. இன்று அதற்குள் என் தலை ஆடியது. ஷீலா தன் சுண்டுவிரலை என் காதுக்கு மேலே விட்டுப் பார்த்தாள். விரல் உள்ளே போனது.

"ஆன்ட்டி, முடி எங்கே?" என்று கேட்டாள்.

"கோயில்ல," என்றேன்.

அளவெடுக்கிறவர் அளவுகோலை எடுத்தார்.

இது எப்படி ஆனது என்று எழுதுகிறேன். நான் நாலாம் வகுப்பு வரைதான் படித்தேன். சாயங்காலத்தில் கோயில் பள்ளிக்கூடத்தில் தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். என் மகளுக்கு அது வராது, ஹிந்திதான் பேசுவாள். இந்த வைத்தியத்துக்குப் போகிறவர் யாராவது இருந்தால் இதைப் படிக்கட்டும். படிக்க வராவிட்டால் யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்கட்டும்.

முதலில் இடது கண்ணின் ஓரம் போனது. வலி இல்லை. கரும்பு வரிசைக்குள் நடந்தால் இடப்பக்கம் புகை மூடின மாதிரி இருக்கும். ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகிற சின்ன ரயில் எங்கள் நிலத்தை ஒட்டிப் போகும். ஒருநாள் தண்டவாளத்தைத் தாண்டினேன். ரயில் வந்தது எனக்குத் தெரியவில்லை. பெருமாள் என் கையைப் பிடித்து இழுத்துப் போட்டார்.

"இன்னாமே, கண்ணு பொட்டையா?" என்று கத்தினார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

லௌடோகா ஆஸ்பத்திரியில் கண் டாக்டர் என் வலக்கண்ணை மூடச் சொன்னார். விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டார். ஒவ்வோர் அடியாகப் பின்னால் போனார். அறை போதவில்லை. வராந்தாவுக்குக் கூட்டிப் போனார். இருபத்திரண்டாவது அடி வரை சரியாகச் சொன்னேன். அதற்கு மேல் விரல்கள் ஒன்றாகிவிட்டன. பெருமாள் சுவர் ஓரம் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை, டீ குடித்த பிறகு, வலக்கண்ணைப் பொத்தச் சொல்லி என்னை வாசலில் உட்கார வைத்தார். துணிக்கொடிக் கம்பம் பக்கமாக அடி வைத்துப் போனார். திரும்பி நின்று கையைத் தூக்கினார்.

"எத்தினி?"

"மூணு."

"இப்போ?"

"ரெண்டு. நங்கோனா வேரு வெட்டினப்போ அறுபட்ட வெரலு வளைஞ்சிருக்குது, அதுகூடத் தெரியுது."

"வாயாடாத. எண்ணு."

அன்றும் இருபத்திரண்டு. அன்றிலிருந்து தினமும் காலையில் இதுதான்.

தலைநகர் சுவாவில் ஸ்கேன் எடுத்தார்கள். போக ஒரு நாள், காத்திருக்க ஒரு நாள். பெஞ்சில் எல்லாரும் தங்கள் படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் உறையைத் திறந்து பார்க்கவில்லை. டாக்டர் எங்கள் படத்தை விளக்கில் மாட்டினார். மூளைக்கு மேலே ஓர் உறை உண்டாம். அந்த உறையிலிருந்து ஒரு கட்டி கிளம்பியிருந்தது. இடது கண்ணுக்குப் பின்னால், கொட்டைப்பாக்கு அளவு. கண் நரம்பு அதன் பக்கத்தில் போகிறது.

"கேன்சரா?" என்று பெருமாள் கேட்டார்.

"இல்லை," என்றார் டாக்டர். "ஆனால் இடம் கெட்ட இடம். கத்தி வைத்தால் கண் போகும். விட்டு வைத்தாலும் கண் போகும், மெதுவாக. அடுத்த கண்ணும் போகலாம்."

கதிர் வைத்து அதை நிறுத்தலாம் என்றார். அந்த மெஷின் பிஜியில் இல்லை.

என் தம்பி கோவிந்தன், ராணுவம் அரசாங்கத்தைக் கவிழ்த்த அந்த முதல் கவிழ்ப்பு நடந்தபோதே சிட்னிக்குப் போய்விட்டவன். போனில் சொன்னான்: "நீ கெளம்பி வா அக்கா. ஒண்ணும் பேசாத. துணிய எடுத்துக்கினு வா."

சிட்னி ஆஸ்பத்திரியில் எனக்கு எல்லாவற்றையும் சொன்னது ஷீலாதான். முதல் கவிழ்ப்புக்குப் பிறகு அவள் அப்பா குடும்பத்தோடு கிளம்பிவிட்டாராம். அப்போது அவள் பள்ளிக்கூடத்துப் பெண். என்னிடம் எங்கள் ஊர் ஹிந்தியில் பேசினாள். அது காதில் விழுந்ததும் எனக்குத் தோள் கொஞ்சம் இறங்கியது.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இதை அறுவை என்கிறார்கள், ஆனால் கத்தி இல்லை. மெல்லிய கதிர்களைப் பல பக்கத்திலிருந்து விடுகிறார்கள். ஒரு கதிர் தனியாகப் போனால் ஒன்றும் ஆகாது. எல்லாம் சேருகிற இடத்தில் கட்டி வேகும். அந்த இடம் தப்பக் கூடாது. அதனால் தலை அசையக் கூடாது. ஒரே நாளில் முடிக்கிறவர்களுக்கு மண்டை எலும்பில் நாலு திருகாணி இறக்கி, இரும்பு வளையத்தில் பூட்டுவார்கள். எனக்கு அது ஆகாது. கண் நரம்பு கட்டிக்கு மூன்று மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது. மொத்தச் சூட்டையும் ஒரே நாளில் கொடுத்தால் நரம்பும் வெந்துவிடும். ஐந்து நாளாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஐந்து தடவை மண்டையில் திருக முடியாது. அதனால் முகமூடி.

"ஒரு மில்லிமீட்டருக்கு மேல ஆடக் கூடாது ஆன்ட்டி," என்றாள். தன் விரல் நகத்தின் ஓரத்தைக் காட்டினாள்.

என் பின்னலை அவிழ்க்கச் சொன்னாள். அம்மாவின் முடி எனக்கு. அவிழ்த்தால் இடுப்புக்குக் கீழே போகும். கொண்டை இருந்தால் தலை சரியாகப் படியாது என்று முடியைத் தலைக்கு அடியில் பரப்பிவிட்டாள். வெந்நீர்த் தொட்டியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் தகட்டை எடுத்தாள். சல்லடை மாதிரி முழுக்க ஓட்டை. சுடச்சுட இருந்தது, ரொட்டி மாவு மாதிரித் தொய்ந்தது. ஒன்றைத் தலைக்குப் பின்னால் வைத்தாள். இன்னொன்றை முகத்தின் மேல் இழுத்து நாலு பக்கமும் அழுத்தினாள். மேல்பல் பதிய வாய்க்குள் ஒரு கட்டை. பத்து நிமிஷத்தில் இறுகிவிட்டது. எடுத்துக் காட்டினாள். என் மூக்கு, என் தாடை, என் கண்குழி. உள்ளே யாரும் இல்லை.

அந்த முகமூடியோடேயே ஸ்கேன் எடுத்தார்கள். அந்தப் படத்தை வைத்துத்தான் எந்தப் பக்கத்திலிருந்து எவ்வளவு என்று கணக்குப் போடுவார்கள். பிறகு முகமூடியில் என் பெயரை ஒட்டி அலமாரியில் வைத்தார்கள். அங்கே வேறு முகங்களும் இருந்தன. என்னுடையதற்கு வலப்பக்கம் ஒரு சின்ன முகம், குழந்தையுடையது. இடப்பக்கம் பெரிய மூக்குள்ள ஒன்று.

மூன்று வாரம் கழித்து வா என்றார்கள். எனக்கும் ஊரில் வேலை இருந்தது. எங்கள் நிலத்தின் குத்தகை அந்த மாதம் முடிகிறது. அப்பாவிடமிருந்து என் பெயருக்கு வந்த குத்தகை. நிலம் பூர்வகுடி பிஜியர்களுடையது, புதுப்பிக்க நான்தான் கையெழுத்துப் போட வேண்டும். திரும்பி வந்தேன். நிலத்துக்காரர் நல்ல மனுஷர். பாயில் உட்கார வைத்து, விருந்தாளிக்குக் கொடுக்கிற நங்கோனா வேர்த்தூளைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார். கையெழுத்துப் பற்றிக் கேட்டால் தரையைப் பார்த்தார். "சுவாவில் பேச்சு சரியில்லை. கொஞ்சம் பொறுங்கள்," என்றார்.

அந்த வாரமே, இந்தியர் ஒருவர் பிரதமராக இருக்கக் கூடாது என்று, சுவாவில் நாடாளுமன்றத்துக்குள் துப்பாக்கியோடு ஆட்கள் புகுந்தார்கள். உள்ளே இருந்தவர்களை வெளியே விடவில்லை. ரேடியோவில் பாட்டு நின்றது. பக்கத்து வீட்டுக்காரர் அன்று சாயங்காலமே மாட்டை விற்றுவிட்டார். எங்கள் மகள் லலிதா வோட்டுவாலேவில் குடியிருக்கிறாள், விமான நிலையத்தில் வேலை. போன் செய்து, விமானம் எது வரும் எது வராது என்று தெரியவில்லை என்றாள். திரும்பவும் விசா வாங்க வேண்டும். விசா வாங்குகிற இடத்தில் ஊரே நிற்கிறது என்றாள்.

மூன்று வாரம் போனது. பிறகு இன்னும் மூன்று. வாசலில் விரல் எண்ணினோம். இருபது. பத்தொன்பது. பதினேழு. பெருமாள் எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்வதை நிறுத்திவிட்டார். நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு நாள் கோயிலிலிருந்து வந்தார். சட்டையைக் கழற்றாமல் நின்றார்.

"ஆத்தாவுக்கு உன் முடிய நேந்துட்டேன்," என்றார்.

"யாரக் கேட்டு?"

"உன்னக் கேட்டா நீ குடுக்க மாட்ட."

"உங்க தலையில இருக்கறத நேந்துக்கறதுதானே?"

"என் தலையில இன்னாமே இருக்குது குடுக்கறதுக்கு?" என்று வழுக்கையைத் தடவினார். சிரிப்பு வந்தது. இரண்டு பேரும் சிரித்தோம். அந்த மாதத்தில் அந்த ஒரு தடவைதான்.

எங்களில் வேண்டுதலை முடிப்பது காரியம் ஆன பிறகு. நோய் தீர்ந்தால் மொட்டை. பிள்ளை பிறந்தால் மொட்டை. நான் அதைச் சொன்னேன். "நல்லானப்புறம் குடுத்துக்கலாம்."

"அப்போ நாம இங்க இருப்பமா? கோயிலு இருக்குமா? மூணு வூடு காலி ஆயிட்சி. இருக்கும்போதே குடுத்துட்டுப் போ."

அந்தச் சமயத்தில் எங்கள் பக்கம் பலரும் இப்படித்தான் செய்தார்கள். ஆக்லாந்துக்குப் போகிறவர்கள், கனடாவுக்குப் போகிறவர்கள், நடக்காத காரியத்துக்கெல்லாம் முன்கூட்டியே பூசை போட்டார்கள். பூசாரிக்கு ஓய்வில்லை.

விசா வந்தது. முப்பது நாள். விமானமும் கிடைத்தது. கிளம்புகிற அன்று காலையில் கோயிலில் உட்கார்ந்தேன். பூசாரி தண்ணீர் தெளித்துக் கத்தி வைத்தார். முடி தாம்பாளத்தில் விழுந்தது, பாம்பு சுருண்டு கிடக்கிற மாதிரி. லலிதா வந்திருந்தாள். தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டாள்: "அம்மா, ஆஸ்பத்திரிலே கேட்டியா?"

"கட்டி உள்ள இருக்குது. முடி வெளிய இருக்குது. இதுல கேக்க இன்னா இருக்குது?" என்றேன்.

அந்த வார்த்தையை நான்தான் சொன்னேன். பெருமாள்மேல் பழி போட மாட்டேன்.

சிட்னியில் அலமாரியைப் பார்த்தேன். என் முகம் அதே இடத்தில் இருந்தது. வலப்பக்கத்துச் சின்ன முகம் இல்லை. பெரிய மூக்கும் இல்லை. ஷீலாவிடம் நான் கேட்கவில்லை.

இப்போது முதலில் சொன்ன அறைக்கு வருகிறேன். அளவெடுக்கிறவர் பல இடத்தில் அளவுகோலை வைத்து எண்களைச் சொன்னார். ஷீலா எழுதினாள். எழுதுவதை நிறுத்திவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

"நாலு மில்லிமீட்டர் ஆன்ட்டி. பின்னால முடி இருந்த இடம் இப்போ காலி."

ஒன்றுக்கு மேல் கூடாது. நரம்பு மூன்றில் இருக்கிறது. கணக்கு எனக்கே புரிந்தது.

டாக்டர் ஏன் என்று கேட்டார். கோவிந்தன் இங்கிலீஷில் சொன்னான். பாதியில் அவனுக்கு வார்த்தை வரவில்லை. ஷீலா குறுக்கே வந்து, "முண்டன்" என்று தன் தலையைத் தொட்டுக் காட்டினாள், பிறகு அதை விளக்கினாள். டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கைகளைக் கட்டிக்கொண்டு என் தலையைப் பார்த்தபடி நின்றார். பிறகு, முடியை எடுக்கக் கூடாது என்று நாங்கள் தாளில் எழுதவில்லை, எங்கள் தப்பும்தான் என்றார்.

புது முகமூடி, புது ஸ்கேன், புதுக் கணக்கு. பதினாறு நாள் ஆகும். அதன் பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஐந்து தடவை. நடுவில் மெஷின் ஓடாத சனி, ஞாயிறு. விசாவில் இருபத்தேழு நாள் மிச்சம். நடுவில் ஒரு தடங்கலும் வராவிட்டால் முடியும்.

புது ஸ்கேனைப் பார்க்க எங்களைத் தனி அறைக்குக் கூப்பிட்டார்கள். தனி அறைக்குக் கூப்பிட்டால் நல்ல செய்தி இல்லை என்று அதற்குள் கற்றுக்கொண்டிருந்தேன். டாக்டர் இரண்டு படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கட்டி நரம்பை நோக்கி நகர்ந்திருந்தது. முன்பு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி. இப்போது இரண்டு.

"ஒன்றுக்கு வந்திருந்தால் நான் தொட்டிருக்க மாட்டேன்," என்றார்.

பழைய கணக்கை வைத்துக் கதிர் கொடுத்திருந்தால் வளர்ந்த அந்த ஓரம் விட்டுப் போயிருக்கும் என்றும் சொன்னார். கோவிந்தன் என் முழங்கையைப் பிடித்தான்.

"பாத்தியா அக்கா? மொட்டை அடிச்சதால்தான் புதுப் படம் எடுத்தாங்க. எல்லாம் ஆத்தா செயலு."

"ஆறு வாரம் அங்க உக்கார வெச்சது யாரு செயலு?" என்றேன்.

மொட்டை அடிக்காவிட்டாலும் படம் எடுத்திருப்பீர்களா என்று டாக்டரிடம் கேட்கச் சொன்னேன். எடுத்திருக்கலாம், எடுக்காமலும் இருந்திருக்கலாம் என்றார். அந்தப் பதிலை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

இந்தத் தடவை மொட்டைத் தலையில் அச்சு எடுத்தார்கள். பிளாஸ்டிக் நேராகத் தோலில் சுட்டது. ஷீலா சொன்னாள்: "இனி முடி வளரவும் கூடாது ஆன்ட்டி. முடியிற வரைக்கும் தலை இதே மாதிரி இருக்கணும்."

அந்த வேலையைக் கோவிந்தன் எடுத்துக்கொண்டான். அவன் காலை பஸ்ஸுக்கு விடியுமுன்னே கிளம்ப வேண்டும். அதற்கு முன் குளியலறையில் ஸ்டூல் போட்டு என்னை உட்கார வைப்பான். தன் ஷேவிங் நுரையைத் தலை முழுக்கத் தடவுவான். முதல் நாள் இரண்டு இடத்தில் கீறிவிட்டான்.

"பஸ்ஸும் இப்படித்தான் ஓட்டுவியாடா?"

"பஸ்ஸு திரும்பித் திட்டாது."

"காத வுட்டுட்டு அறுடா."

"சிட்னிக்கு வந்ததுக்கு ஒரு சலூன் வெச்சிருந்தா பொழச்சிருப்பேன்," என்றான்.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, பேச்சு இல்லாமல் சிரைத்துக்கொண்டிருந்தான். காதுக்குப் பின்னால் வந்தபோது கத்தி நின்றது.

"அப்பாவுக்கு நான் மொட்டை போடல அக்கா."

அப்பா செத்தபோது அவனுக்கு அங்கே காகிதம் சரியாகவில்லை. வந்தால் திரும்பப் போக முடியாது. கொள்ளி வைத்தது பெருமாள்.

"தெரியும். சிரை," என்றேன்.

சிரைத்தான். துண்டை வெந்நீரில் நனைத்துத் தலையைத் துடைத்துவிட்டான். அதிலிருந்து ஒரு கீறலும் விழவில்லை.

இனி கதிர் வைக்கிற நாள் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். மெஷின் அறை குளிராக இருக்கும். போர்வை கேளுங்கள், கொடுப்பார்கள். முகமூடியைப் போட்டு மேசையோடு பூட்டுவார்கள், டக் டக் என்று நாலு சத்தம் கேட்கும். வாயில் பல்கட்டை இருக்கும், எச்சில் விழுங்க முடியாது. ஓரமாக வழியட்டும், வெட்கப்பட வேண்டாம். கண்ணைத் திறக்க முடியாது, இமைமேலும் பிளாஸ்டிக். கையில் ஒரு பொத்தான் கொடுப்பார்கள். தாங்கவில்லை என்றால் அழுத்தலாம், மெஷின் நிற்கும். பிறகு எல்லாரும் வெளியே போய்விடுவார்கள். கதவு கனமான கதவு. அது மூடுகிற சத்தம் காதில் வராது, நெஞ்சில் வரும். நாற்பது நிமிஷம். வலி இல்லை. அதுதான் பயமாக இருந்தது. ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும், நடந்துகொண்டிருக்கும்.

முதல் நாள் கரும்பு வரிசைகளை எண்ணினேன். இரண்டாம் நாள், மூளை வீங்காமல் இருக்கக் கொடுத்த மாத்திரையால் முகம் உப்பி, முகமூடி கன்னத்தைக் கடித்தது. கழற்றியபோது முகம் முழுக்க வலையின் தடம். ஷீலா அளந்து பார்த்தாள். தளர்ச்சி இல்லை, போதும் என்றாள்.

மூன்றாம் நாளுக்கு முந்தின நாள் பெருமாளுக்குப் போன் செய்தோம். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தோம். பிறகு மணியே அடிக்கவில்லை. பிஜியில் கலகக்காரர்கள் நீர்மின் நிலையத்தைப் பிடித்துக்கொண்டார்கள், நாடு முழுக்கக் கரண்ட் இல்லை என்று கோவிந்தனின் டிவியில் சொன்னார்கள். லலிதா வீட்டிலும் போன் போகவில்லை.

மூன்றாம் நாள் முகமூடிக்குள் படுத்திருந்தேன். கரும்புக்கு நடுவில் தனி வீடு. தனி ஆள். அவர் அரிவாளைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுப்பார், ஆனால் தூங்கினால் எழமாட்டார். மூச்சு ஏறியது. பல்கட்டைக்கு மேல் காற்று போதவில்லை. கட்டைவிரல் பொத்தான்மேல் இருந்தது. அழுத்தினால் இன்றைய நாள் தள்ளிப்போகும். ஒரு நாள் தள்ளினால் விசா முடியும். விரலைப் பொத்தானிலிருந்து எடுத்துப் போர்வைக்குள் வைத்தேன். மூக்கால் மூச்சுவிட்டேன். அவர் துணிக்கொடிக் கம்பத்தருகே கையைத் தூக்கி நிற்கிற மாதிரி நினைத்துக்கொண்டேன். எத்தினி? மூணு. எத்தினி? அஞ்சு. கதவு திறக்கும்வரை அதையே செய்தேன்.

"ஒரு இம்மி அசையல ஆன்ட்டி," என்றாள் ஷீலா. "உங்கள மாதிரி யாரும் படுக்கிறதில்ல."

நான்காம் நாளும் போன் இல்லை. ஐந்தாம் நாள் முடிந்து வீட்டுக்கு வந்தபோது போன் அடித்தது. கோவிந்தன் எடுத்து என் காதில் வைத்தான்.

"எத்தினி?" என்றார் பெருமாள். அவர் குரல்தான்.

"அஞ்சும் முடிஞ்சிட்சி. போனு ஏன் எடுக்கல?"

"கரண்டு இல்ல, லைனு இல்ல."

"அதுக்கு முன்னாடி அடிச்சிதே?"

"கரும்புக்குள்ள படுத்திருந்தேன்," என்றார். "ரோட்டுல ராத்திரி ஆளுங்க நடமாட்டம். வூட்டுல படுக்கல." பிறகு சொன்னார்: "நெலத்துக்காரரு வந்தாரு. அழுதாரு. குத்தகை இல்லன்னுட்டாங்களாம். வெட்டி முடிச்சிட்டு எடம் காலி பண்ணணும்."

சரி என்றேன்.

டாக்டர் கடைசியாகச் சொன்னது இது. கட்டி சுருங்காது. நின்றால் வெற்றி. போன பார்வை திரும்பாது. இருப்பது அப்படியே இருந்தால் கட்டி நின்றுவிட்டது. குறைந்தால், ஓர் அடி குறைந்தாலும், உடனே வர வேண்டும். ஆனால் அதே இடத்தில் இரண்டாவது தடவை கதிர் கொடுக்க முடியாது. அப்போது என்ன செய்வது என்று கோவிந்தன் கேட்டான். அப்போது பேசுவோம் என்றார்.

ஷீலா முகமூடியை எனக்கே கொடுத்துவிட்டாள். முடிந்தவர்கள் விரும்பினால் கொண்டுபோகலாம் என்றாள். ஒரு துணிப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு விமானத்தில் வந்தேன்.

நாண்டி விமான நிலையத்திலிருந்து பெருமாளோடு காரில் சவேனிக்கு வருகிற வழியில் ராணுவத்தார் ரோட்டை மறித்திருந்தார்கள். ஒரு பிஜிய இளைஞன், துப்பாக்கியோடு, எங்களை இறங்கச் சொன்னான். பையைத் திறந்து கையை விட்டான். முகத்தை வெளியே எடுத்தான். பயந்து ஓரடி பின்னால் போனான்.

"இது யார்?" என்று ஹிந்தியில் கேட்டான்.

"நான்தான்," என்றேன். தலைச் சீலையை எடுத்து மொட்டையைக் காட்டினேன். கண்ணைத் தொட்டுக் காட்டினேன்.

அவர்களுக்குத் தலை புனிதம். அடுத்தவர் தலையில் கை வைக்க மாட்டார்கள். வைக்க நேர்ந்தால் மன்னிப்புக் கேட்பார்கள். அவன் துப்பாக்கியைத் தோளில் மாட்டிவிட்டு முகமூடியை இரண்டு கையாலும் ஏந்தினான். "துலோ," என்றான். பொறுத்துக்கொள் என்று அர்த்தம். குழந்தையைக் கிடத்துகிற மாதிரி பைக்குள் வைத்தான்.

பெருமாள் கார் கதவை மூடிய பிறகுதான் மூச்சுவிட்டார்.

மறுநாள் காலை வாசலில் உட்கார்ந்தேன். அவர் அடி வைத்துப் போனார். பதினாலாவது அடி வரை விரல் தெரிந்தது. போகும்போது பதினேழு. சிட்னியில் புது முகமூடிக்குக் காத்திருந்ததில் போனது மூன்று.

இரண்டு வாரம் கழித்துப் பதினைந்து என்றார். அடுத்த வாரம் பதினாறு என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"கிட்ட வாங்க," என்றேன். "உங்க காலு இன்னா, குட்டையாப் போயிட்சா?"

"இன்னாமே சொல்ற?"

"என் கண்ணுதான் போச்சு. காது இருக்குது. சரக்கு சரக்குன்னு சின்னச் சின்னதா அடி வெக்கிறீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அன்று சாயங்காலம் கரும்புத் துண்டுகளைச் சமமாக வெட்டினார். அவருடைய பழைய அடியை நானே கோல் வைத்து அளந்தேன். வாசலிலிருந்து கம்பம் தாண்டி, அடிக்கு ஒன்றாக இருபத்திரண்டு முளை அடித்தோம். இனி அவர் முளை பக்கத்தில் நின்றுதான் கையைத் தூக்க வேண்டும்.

முளை வைத்து எண்ணியபோது பதினாலு.

அதன் பிறகு ஏழு மாதம் பதினாலு. கரும்பு வெட்டி முடிந்தது. நிலத்துக்காரர் வீட்டை மட்டும் கொஞ்சநாள் வைத்துக்கொள்ளச் சொன்னார். நாங்கள் சிட்னியில் குடியேறக் கோவிந்தன் காகிதம் போட்டிருக்கிறான். அதற்கு வைத்தியப் பரிசோதனை உண்டு, என் கண்ணையும் பார்ப்பார்கள். முடி காதை மூடுகிற அளவுக்கு வந்துவிட்டது. முகமூடி பீரோமேல் இருக்கிறது. இப்போது போட்டால் தலை நுழையாது.

இதைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். அச்சு எடுத்த நாளில் தலை எப்படி இருந்ததோ, கடைசி நாள் வரை அப்படியே வைத்திருங்கள். வேண்டுதல் இருந்தால் சாமியிடம் பொறுக்கச் சொல்லுங்கள்.

இன்று காலை டீ குடித்துவிட்டு வாசலில் உட்கார்ந்தேன். மழை இல்லை, வெளிச்சம் நன்றாக இருந்தது. பெருமாள் பதினாலாவது முளை பக்கத்தில் நின்று கையைத் தூக்கினார். விரல்கள் ஒன்றாகத் தெரிந்தன. அவர் கையை இறக்காமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஒரு முளை முன்னால் வந்தார்.

பதின்மூன்று.